தலைநகர்ப் பயணமும் பொறுப்பாளர் கடமையும்



விடுமுறை நெருங்கும்போது பங்குகள் தோறும் எழும் பேச்சொன்றை நீங்கள் அறிவீர்கள். "எங்கள் மன்றம் கொழும்புக்குப் போகிறது" என்று பிள்ளை துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருவான். கையில் ஒரு தாள் இருக்கும். பெற்றோர் சம்மதக் கையொப்பத்துக்கானது. அடுப்படியில் நிற்கும் தாய் ஈரக் கையைத் துடைத்துவிட்டு ஒப்பமிடுவாள். தகப்பன் பணத்தை எண்ணிக் கொடுப்பார். யார் கூட்டிச் செல்கிறார்கள், எத்தனை பெரியவர்கள் போகிறார்கள், இரவில் எங்கே தங்குவார்கள் என்று கேட்பவர் மிகச் சிலரே. கேட்டால் பொறுப்பாளர் மனம் நோகுமே என்ற கூச்சம் பலருக்கு. அந்தக் கூச்சம் வேண்டாத ஒன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தை எடுத்து, 41ஆம் வசனம் முதல் அதிகார முடிவு வரை ஒருமுறை குடும்பமாக வாசியுங்கள். செபமாலையில் மகிழ்ச்சித் தேவ இரகசியங்களின் ஐந்தாவதாக நாம் தியானிக்கும் நிகழ்ச்சிதான் அது. ஆயினும் அதை ஒரு பிரயாணக் கதையாக நாம் வாசிப்பதில்லை. நாசரேத்துச் சிற்றூரிலிருந்து தலைநகராகிய எருசலேமுக்கு நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரம். பாஸ்காத் திருவிழாவுக்கு ஊராரும் உறவினரும் கூட்டமாகப் போகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் போகிறான். திருவிழா முடிந்து கூட்டம் திரும்புகிறது. பிள்ளையோ நகரிலேயே நின்றுவிடுகிறான். ஒரு நாள் வழி நடந்த பின்னரே அது தெரிய வருகிறது!

மரியாளும் சூசையப்பரும் கவலையற்ற பெற்றோரா? அல்லவே. அவர்களைத் தவறவிட்டது ஓர் எண்ணம்: பிள்ளை கூட்டத்தில் எங்காவது இருப்பான் என்ற எண்ணம். அக்காலத்தில் ஆண்கள் ஒரு கூட்டமாகவும் பெண்கள் ஒரு கூட்டமாகவும் நடப்பது வழக்கம் என்றும், தாயுடன் இருப்பான் எனத் தந்தையும் தந்தையுடன் இருப்பான் எனத் தாயும் நினைத்திருக்கலாம் என்றும் விளக்கம் கூறுவோர் உண்டு. அது எப்படியாயினும், நல்லவர்கள் நிறைந்த கூட்டத்தில்தான் இவ்வித எண்ணம் எளிதில் உண்டாகிறது. அந்நியர் நடுவே நாம் பிள்ளையின் கையை விடுவதில்லை. தெரிந்தவர் நடுவே விட்டுவிடுகிறோம்.

நமது மன்றப் பிரயாணங்களிலும் நிலைமை இதுவே. நாற்பது பிள்ளைகளுக்கு ஐந்து பெரியவர்கள் போகிறார்கள் என்று வையுங்கள். ஐவரும் நாற்பது பேரையும் பார்த்துக்கொள்வதென்றால், ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை என்றே பொருள். ஆகவே இன்னார் பொறுப்பில் இந்த எட்டுப் பிள்ளைகள் என்று புறப்படுமுன்பே பெயர் குறித்துப் பிரிக்க வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியல் பங்குத்தந்தையிடம் ஒன்றும், பொறுப்பாளர் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்றும் இருக்க வேண்டும். பிள்ளைக்கும் தன் பொறுப்பாளர் யாரெனத் தெரிந்திருக்க வேண்டும். கணக்கெடுக்கும்போது தலையை எண்ணாமல் பெயரைக் கூப்பிடுங்கள். தலை எண்ணினால் அருகில் நிற்கும் வேறொரு பிள்ளையும் கணக்கில் விழும்; ஒருவனை இருமுறை எண்ணுவதும் நடக்கும். பெயர் கூப்பிடும்போதும் நண்பனுக்காக நண்பன் குரல் கொடுக்க இடம் தரலாகாது. முகத்தைப் பார்த்தே அடையாளமிட வேண்டும்.

இனி வழியைப் பற்றிச் சில வார்த்தைகள். திருகோணமலையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். சட்டப்படி தலைநகர் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையே. பாராளுமன்றம் 1982 முதல் அங்கேதான் இருக்கிறது. என்றாலும் நம்மவர் வாயில் தலைநகர் என்றால் கொழும்புதான்! வாடகை வாகனத்தில் இரவோடிரவாகப் போய் அடுத்த இரவே திரும்பும் வழக்கத்தை நாம் விரும்பவில்லை. சாரதி எப்போது உறங்குவார் என்று எவரும் கேட்பதில்லை. கந்தளாய் தாண்டி ஹபரணை வரையுள்ள காட்டுப் பகுதியில் இரவில் யானைகள் வீதிக்கு வரும்; அங்கே சிறுநீர் கழிக்கவென்று பிள்ளைகளை இறக்குவது அறிவீனம். வாகனத்தில் எத்தனை இருக்கைகளோ அத்தனை பேர்தான். "பிள்ளைகள்தானே, நெருங்கி இருக்கட்டும்" என்ற பேச்சு வேண்டாம். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டதை நம் மாவட்டம் மறந்திருக்க முடியாது. அன்று காலை அந்தப் பிள்ளைகள் சென்றதும் வழக்கமான வழியில்தான்.

புகையிரதத்தில் செல்வது நல்லது. ஆயினும் அதற்கும் விழிப்பு வேண்டும். திருகோணமலைப் பாதையும் மட்டக்களப்புப் பாதையும் கல்ஓயாவில் பிரிகின்றன. திரும்பி வரும் இரவில் தூக்கக் கலக்கத்துடன் பெட்டி மாறி ஏறிய பிள்ளை விடியும்போது மட்டக்களப்புப் பக்கம் போய் நிற்பான். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு காற்று வாங்குவது நம் பையன்களுக்குப் பெரிய வீரம். கதவருகே ஒரு பெரியவர் இருந்தால் அந்த வீரம் தானாக அடங்கிவிடும். இரவில் பொறுப்பாளர் எல்லாரும் ஒருமிக்க உறங்காமல் முறை வைத்து விழித்திருக்க வேண்டும்.

வெளிப்படையாகப் பேச வேண்டிய ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெண் பிள்ளைகள் சென்றால் பெண் பொறுப்பாளர் கட்டாயம் செல்ல வேண்டும்; ஒருவர் நோயுற்றால் மற்றவர் இருக்கத்தக்கதாக இருவராயின் நலம். தங்குமிடத்தில் ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பகுதியில் உறங்க வேண்டும். குளியலறைக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதை முதலிலேயே போய்ப் பார்க்க வேண்டும். பெரியவர் எவராயினும் — குருவானவரோ, துறவியோ, ஆசிரியரோ, மன்றத் தலைவரோ — ஒரு பிள்ளையுடன் பூட்டிய அறையில் தனித்திருக்கலாகாது. இது எவர்மீதும் சந்தேகமன்று. நல்லவருக்கும் இவ்விதியே காவல். சிறுவருக்கு இழைக்கப்படும் துஷ்பிரயோகத்தை அறியவரும் குருக்களும் துறவியரும் அதைத் திருச்சபை அதிகாரிகளுக்கு அறிவித்தே ஆக வேண்டுமென 2019 மே மாதத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் விதித்தார். நம் நாட்டில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி எண் 1929. இதைப் பிள்ளைகளே மனப்பாடமாக அறிந்திருக்கட்டும். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990 என்பவற்றையும் அதோடு சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். எல்லா எண்களும் கைத்தொலைபேசியில் இருக்கின்றனவே என்பீர்கள். மின்கலம் தீர்ந்த தொலைபேசி செங்கற் கட்டிக்குச் சமம். ஆகையால் பொறுப்பாளர் எண்ணையும் தங்குமிட முகவரியையும் ஒரு கடதாசியில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் வைக்க வேண்டும்.

சிங்களத்திலும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் புறக்கோட்டைப் பஸ் நிலையத்தில் வழி கேட்கும் பிள்ளைக்கு அரசியலமைப்பு துணைக்கு வராது! பயணத்துக்கு முந்திய இரண்டு கூட்டங்களில் அரை மணி நேரம் ஒதுக்கி, வழி கேட்கவும் உதவி கேட்கவும் தேவையான பத்துச் சிங்கள வாக்கியங்களைப் பழக்குங்கள். விளையாட்டாகவே படித்துவிடுவார்கள்.

பெற்றோர் சிலருக்குக் கொழும்பு என்றதும் வயிற்றைக் கலக்குவதை நாம் அறிவோம். அது வீண் பயமென்று சொல்ல மாட்டோம். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் இன்றித் தமிழ் இளைஞர் அங்கே ஓர் இரவு தங்கக்கூட அஞ்சிய ஆண்டுகள் பல. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த வடக்கு, கிழக்குத் தமிழர் 370 பேருக்கு மேல் பஸ்களில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவால் அதை நிறுத்தியது. இவற்றைக் கண்ட தகப்பன் தன் மகனை அனுப்பத் தயங்கினால் அவரைக் கேலி செய்யாதீர்கள். அருகே அமர்ந்து விபரம் சொல்லுங்கள். பங்குத்தந்தையின் கடிதம் பிரயாணக் கூட்டத்துடன் செல்லட்டும். அடையாள அட்டை உள்ள பிள்ளைகள் அதைக் கையில் வைத்திருக்கட்டும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழ் பேசும் மக்கள் நிறைய வாழ்கிறார்கள் என்பதும், வழி தவறிய பிள்ளையின் கையைப் பிடித்து வந்து விடும் சிங்களத் தாய்மாரும் அந்நகரில் உண்டு என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். பயத்தைச் சீதனமாகக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

நகரில் எதைக் காட்டுவது? ஒரு நாளில் பன்னிரண்டு இடம் என்று ஓடினால் பிள்ளைகளின் நினைவில் பஸ் இருக்கைதான் மிஞ்சும். மூன்று இடங்கள் போதும். 1877இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலையில் காலியிலிருந்து கொண்டுவரப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ கொணர்ந்த அக்கல் 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனமும் பாரசீகமும் தமிழும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. சீனச் சக்கரவர்த்தியின் பெயரால் தெய்வத்துக்குக் காணிக்கை அளித்த செய்தியைத் தமிழில் பொறித்துக் கடல் கடந்து கொண்டுவந்திருக்கிறார்கள் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள், அந்தக் கல்லைவிட்டு எளிதில் நகர மாட்டான். கொழும்புத் துறைமுகத்தையும் தூரத்திலிருந்தாவது காட்டுங்கள். நமது துறைமுகம் இறைவன் அமைத்தது. அதுவோ 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய அலைதடுப்புச் சுவரால் மனிதர் அமைத்தது. இயற்கைத் துறைமுகம் இங்கிருக்க, கப்பல்கள் ஏன் அங்கே போகின்றன என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். விடையை ஆயத்தப்படுத்திக்கொண்டு போங்கள்.

அத்துறைமுகத்தின் அருகேதான் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்ப்பு ஞாயிறன்று அங்கும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், தலைநகரின் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். உள்ளே நுழையுமுன் இதைப் பிள்ளைகளுக்கு அமைதியாகச் சொல்லுங்கள். மட்டக்களப்பில் உறவினரை இழந்த பிள்ளை உங்கள் கூட்டத்திலும் இருக்கலாம். அவனுக்கு உள்ளே செல்ல மனமில்லையெனில் ஒரு பெரியவர் அவனுடன் வெளியே நிற்கட்டும். அங்கே நின்று தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு சிரிப்பது தகாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

காலிமுகத்திடலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. துறைமுகத்துப் பிள்ளைகள் தண்ணீருக்குப் பயப்படுவதில்லை. அதுவே இங்கு ஆபத்து. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் கடல் குளம்போலக் கிடக்கும். அதே மாதங்களில் தென்மேல் பருவக்காற்றால் மேற்குக் கடல் சீறிக்கொண்டிருக்கும். நம் கடல் கொந்தளிக்கும் வாடைக் காலத்தில் அக்கடல் அடங்கியிருக்கும். நாம் பள்ளி விடுமுறையில் போவது பெரும்பாலும் ஆடி, ஆவணியில். நிலாவெளியில் நீந்துகிறவன் அந்த நினைப்பிலேயே அங்கும் இறங்கிவிடுவான். காலைக்கூட நனைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். 2015 ஜனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் முத்திப்பேறு பெற்ற யோசேவ் வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்தியது அத்திடலில்தான். அந்தச் சரித்திரத்தைச் சொல்லிப் புல்லில் உட்கார வைத்து, வடை வாங்கிக் கொடுங்கள்.

எல்லாம் செய்தும் ஒரு பிள்ளை தவறிவிட்டால்? மீண்டும் நற்செய்திக்கு வருவோம். பெற்றோர் முதலில் உறவினரிடமும் அறிமுகமானவரிடமும் தேடினார்கள். பின் வந்த வழியே திரும்பிப் போனார்கள். இதே ஒழுங்கை நாமும் கைக்கொள்ளலாம். தவறிய பிள்ளை அங்குமிங்கும் ஓடாமல், கூட்டத்தைக் கடைசியாகக் கண்ட இடத்திலேயே நிற்க வேண்டும் என்று பழக்குங்கள். ஒரு பொறுப்பாளர் வந்த வழியே திரும்பட்டும். மற்றவர்கள் எஞ்சிய பிள்ளைகளுடன் ஓரிடத்தில் நிற்கட்டும். எல்லாரும் தேடப் புறப்பட்டால் இன்னும் இருவர் தவறுவார்கள்.

மூன்றாம் நாள் ஆலயத்தில் பிள்ளையைக் கண்டபோது தாய் செய்தது கவனிக்கத்தக்கது. கை ஓங்கவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டாள், தாங்கள் பட்ட வேதனையையும் மறைக்காமல் சொன்னாள். பிள்ளையும் தன் காரணத்தைச் சொன்னான். அது அவர்களுக்கு அப்போது விளங்கவில்லை என்று நற்செய்தியாளர் மறைக்காமல் எழுதுகிறார். விளங்காத விடையை அந்தத் தாய் மனத்தில் வைத்துக்கொண்டாள். நம் பொறுப்பாளர் சிலரோ, பத்து நிமிடம் பிந்திய பையனை நாற்பது பேர் முன்னிலையில் அவமானப்படுத்திவிடுகிறார்கள். அடுத்த முறை அவன் தவறினால் நம்மைத் தேடி வருவதற்கே கூசுவான். பல்கலைக்கழகத்தையோ ஒரு புத்தகக் கடையையோ பார்க்கும் ஆசையில் அவன் பின்தங்கியிருக்கலாம். முதலில் கேளுங்கள், கண்டிப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

1855இல் புனித தொன் போஸ்கோ தூரின் நகரச் சிறுவர் சிறையிலிருந்து ஏறத்தாழ முந்நூறு பையன்களைக் காவலர் இன்றி ஒரு பகல் முழுதும் உலாவ அழைத்துச் சென்றார் என்றும், மாலையில் ஒருவன்கூடக் குறையவில்லை என்றும் அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். அவர் அவர்களுக்குப் பின்னால் நின்று கண்காணிக்கவில்லை. அவர்களோடு நடந்தார், அவர்களோடு உண்டார். முன் இருக்கையில் சாரதியோடு கதைத்துக்கொண்டு போகும் பொறுப்பாளருக்கு இதைவிட வேறென்ன சொல்வது?

ஊர் திரும்பும்போது ஒரு கவனம். "என்னை இந்தச் சந்தியிலேயே இறக்கிவிடுங்கள், வீடு பக்கந்தான்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பாலையூற்றானாலும் உவர்மலையானாலும், பெற்றோரோ அவர்கள் முன்பே பெயர் தந்த ஒருவரோ வந்து ஏற்றுக்கொண்டால்தான் பட்டியலில் அப்பெயருக்கு எதிரே அடையாளம் விழ வேண்டும். அழைத்துப்போக ஆள் வராத பிள்ளையுடன் பொறுப்பாளர் காத்திருக்க வேண்டும். பயணத்தில் மிஞ்சிய பணம் நூறு ரூபாயாயினும், அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் கணக்குத் தாளுடன் பெற்றோர் முன் வைக்கப்பட வேண்டும்.