உப்பைக் குறைக்க, அழுத்தத்தை அறிய

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கும் அளவு இது. சாம்பார், ரசம், பொரியலில் சேர்வதும் இதற்குள்தான். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு ஆகியவை இந்த வரம்பை எளிதில் தாண்டவைக்கும் என்பதால் அவற்றைத் தினமும் பரிமாறத் தேவையில்லை. சோற்றிலும் மோரிலும் உப்பு போடுவதை நிறுத்துவது நல்ல தொடக்கம். எலுமிச்சை, மிளகு, சீரகம் சுவையை ஈடுசெய்யும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அதைத் தாராளமாகச் சேர்க்கலாம் என்ற நம்பிக்கை தவறானது, கெடுதலும்கூட.

உப்பைக் குறைப்பதோடு, வாரம் 150 நிமிட வேக நடையும் இரத்த அழுத்தத்தைக் குறைக்க உதவும்.

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டுவதில்லை, அளந்தால்தான் தெரியும். அதற்கு முன் அரைமணி நேரம் காபி, புகைபிடித்தல் கூடாது. ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, பேசாமல் அமர்ந்த பின் அளக்க வேண்டும். வெவ்வேறு நாள்களில் 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் மருத்துவரிடம் செல்வது அவசியம். அளவு சீரானதும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தப் பரிசோதனை இலவசம்.