டெஸ்ட்டுக்கு முந்தின நாள் மட்டும் நல்ல பிள்ளையா?

ரெண்டு நாள் ஸ்வீட்டைத் தொடாம இருந்து, முந்தின ராத்திரி ரெண்டே ரெண்டு சப்பாத்தியோட படுத்து, காலைல லேபுக்குப் போய் “ஃபாஸ்டிங் சுகர் நார்மல்தான்”னு சந்தோஷப்படறவங்க நம்ம சொந்தத்துலயே எத்தனை பேர்! நீ அந்தக் கூட்டத்துல சேராதேடி. ஹெச்பிஏ1சின்னு ஒரு டெஸ்ட் இருக்கு. ரத்தத்துல இருக்கற சர்க்கரை சிவப்பணுவுல போய் ஒட்டிக்கும். அந்த அணுவோட ஆயுசு கிட்டத்தட்ட 120 நாள். அதனால போன ரெண்டு மூணு மாசம் நீ எப்படி இருந்தேங்கறதை அது சொல்லிடும். ரெண்டு நாள் வேஷமெல்லாம் அதுகிட்ட பலிக்காது. வெறும் வயித்தோட போகணும்னும் இல்ல. பொதுவா 7-க்குக் கீழே இருக்கணும்பாங்க, உனக்கு எவ்வளவுன்னு டாக்டரைக் கேட்டுக்கோ. கட்டுக்குள்ள வர்ற வரைக்கும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை, வந்தப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எடு. ரத்தசோகை இருந்தா அதையும் சொல்லிடு, அது இந்த எண்ணையே மாத்திக் காட்டும்.

வீட்டுல குளுக்கோமீட்டர் வாங்கிட்டு தினமும் காலைல மட்டும் குத்திப் பாக்கறதுல பாதி விஷயம்தான் தெரியும். ஜோடியா பாரு. சாப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு, ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணு. ரெண்டு மணி நேரத்தை முதல் வாய் வச்சதுலருந்து எண்ணணும், கை கழுவினதுலருந்து இல்ல. முன்னாடி 80-லருந்து 130-க்குள்ள, அப்புறம் 180-க்குள்ள இருந்தா பரவாயில்ல. ஒரு நாள் இட்லிக்குப் பாரு, இன்னொரு நாள் வெண்பொங்கலுக்கு, அப்புறம் கேப்பங்கஞ்சிக்கு. சுகருக்கு நல்லதுன்னு கேப்பங்கஞ்சியை சொம்பு சொம்பா குடிக்கறாங்களே, நைஸா அரைச்ச மாவைக் காய்ச்சிக் குடிச்சா சரசரன்னு ஏறும். கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாமும் சர்க்கரைதான். என் பேச்சை நம்ப வேண்டாம், மீட்டரையே கேளு. என்ன சாப்பிட்டே, எவ்வளவு காட்டுச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி டாக்டர்கிட்ட காட்டு. வெறும் எண்ணை வச்சு அவர் என்ன செய்வார், பாவம்.

குத்தறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டு கை கழுவி, ஈரமில்லாம துடை. மாம்பழம் நறுக்கின கையோட குத்தினா மாம்பழத்தோட சுகரைத்தான் காட்டும். விரல் நுனியோட நடுவுல குத்தாதே, ஓரத்துல குத்து, வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை ஒவ்வொரு தடவையும் இறுக்கி மூடு.

சாப்பாட்டுல எனக்கு ஒரே ஒரு சண்டை உன்கிட்ட. எல்லாருக்கும் போட்டுட்டு மூணு மணிக்கு உக்காந்து, குழந்தை தட்டுல மிச்சம் வச்சதையும் வழிச்சு, சட்டியில ஒட்டியிருக்கற புளியோதரையையும் வீணாகுமேன்னு வாயில போடறியே, அந்தக் கணக்கு எந்த நோட்டுலயும் ஏறாது. நேரத்துக்கு சாப்பிடு. முதல்ல பொரியல், கூட்டு, சுண்டல். சாதம் கடைசியில. அதே சாதம்தான், ஆனா சுகர் மெதுவா ஏறும். சாப்பிட்டதும் படுக்காம மொட்டை மாடியில ஒரு 15 நிமிஷம் நட. தசை வேலை செஞ்சா ரத்தத்துல இருக்கற சர்க்கரையை அதுவே இழுத்துக்கும்.

விரத நாள் விஷயத்துல ஜாக்கிரதை. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையைப் போட்டுட்டு பட்டினி கிடந்தா சுகர் தடால்னு இறங்கும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், எரிச்சல் எரிச்சலா வரும். மீட்டர் 70-க்குக் கீழே காட்டினா உடனே மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடி. சாக்லேட் வேண்டாம், அதுல இருக்கற கொழுப்பு தாமதப்படுத்தும். 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பாரு, ஏறலைன்னா இன்னொரு தடவை குடி. அமாவாசைக்கு என்ன பண்றதுன்னு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசிடு. நீயா மாத்திரையை நிறுத்தாதே.

அம்மாவுக்கு மாத்திரை வாங்க பஸ் ஏறி அலையணும்னு இல்ல. 2021-லருந்து அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கறாங்க. ஊர்ல ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் பதிஞ்சிருக்கான்னு விசாரி.

ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி கால் விரல் இடுக்குல புண் இருக்கான்னு பாரு. சுகரால உணர்ச்சி குறைஞ்ச காலுல முள்ளு குத்தினாகூட தெரியாது. கோயில் பிரகாரத்துல உச்சி வெயில்ல வெறுங்காலோட சுத்தாதே, காலையில போய்ட்டு வா. வருஷத்துக்கு ஒரு தடவை சிறுநீர்ல அல்புமின் டெஸ்ட், ரத்தத்துல கிரியாட்டினின், அப்புறம் கண். பார்வை நல்லாத்தானே இருக்குன்னு கண்ணைத் தள்ளிப் போடாதே, விழித்திரை கெடறது ஆரம்பத்துல தெரியவே தெரியாது. சொட்டு மருந்து விட்டுப் பாப்பாங்க, சில மணி நேரம் கண்ணு கூசும். ஸ்கூட்டியை வீட்டுல விட்டுட்டு உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போ. அவருக்கும் நாப்பது தாண்டிடுச்சு, அப்படியே ஒரு ஹெச்பிஏ1சி எடுத்துக்கட்டும்.