இளையோர்க்கு ஓர் அலமாரி

காவிரிக் கரையை அடுத்த எங்கள் ஊரில் ஒரு கிளை நூலகம் இருந்தது. ஓடு வேய்ந்த சிறு கட்டடம், இரண்டே அறைகள். முன்னறையில் நாளிதழ்களும், சிறுவர்க்குரிய படக்கதைகளும் நீதிக்கதைகளும் இருக்கும். உள்ளறையில் பெரியோர் படிக்கும் நூல்கள் அடுக்கப்பட்டிருக்கும். 1970ஆம் ஆண்டுகளின் நடுவே, பள்ளி விட்டதும் நேரே அங்குச் செல்வது என் வழக்கம். முன்னறைக் கதைகளையெல்லாம் 12 வயதிற்குள்ளேயே படித்து முடித்துவிட்டேன். நரியும் காகமும் பேசும் அக்கதைகள் பின்னர் எனக்கு இனிக்கவில்லை. எனக்கு 14 வயது நடந்தபோது ஒருநாள் துணிந்து உள்ளறைக்குச் சென்று ஒரு புதினத்தைக் கையில் எடுத்தேன். நூலகப் பொறுப்பாளர் அதனை என் கையினின்றும் மெல்ல வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "தம்பி, இது பெரியவங்க படிக்கிறது. நீ முன்னால போய் உட்காரு" என்றார். அவர் நல்லவர், சினந்து பேசினாரும் அல்லர். ஆயினும், முன்னறையும் எனக்கு உரியதன்று, உள்ளறையும் எனக்கு உரியதன்று என்றால் நான் அமர வேண்டிய இடந்தான் யாது என்னும் எண்ணம் என்னை வருத்தியது. அதன்பின் ஓராண்டுக்கு மேல் நான் அந்நூலகத்தின் பக்கமே செல்லவில்லை.

மக்கள் வாழ்வைப் பருவம் பருவமாகப் பகுத்துக் காண்பது தமிழர்க்குப் புதியதன்று. பெண்பாலார்க்குப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்றும், ஆண்பாலார்க்குப் பாலன், மீளி, மறவோன், திறவோன் என்றும் பாட்டியல் நூலார் பருவப் பெயர்களை அடுக்கிச் செல்வர். குழந்தைக்கும் முதிர்ந்தவர்க்கும் இடையே எத்தனை படிகள் உள்ளன என்பதனை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். நூலகங்களோ நெடுங்காலம் இரண்டு படிகளையே அறிந்திருந்தன. இடையிலுள்ள பருவத்தார்க்கும் நூலகத்தில் இடமுண்டு என்று பெருமுயற்சியுடன் நிலைநாட்டியவர்களுள் ஒருவர், அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய மார்கரெட் எட்வர்ட்ஸ் என்னும் அம்மையார் ஆவார்.

பால்டிமோர் ஒரு துறைமுக நகரம். அந்நகரத்து இரும்புப்பொருள் வணிகராகிய ஈனக் பிராட் என்பவர் 1882இல் பெருஞ்செல்வத்தை வழங்கி ஒரு பொது நூலகத்திற்கு வித்திட்டார். செல்வர் வறியர் என்றோ, நிறம் இனம் என்றோ வேறுபாடு பாராட்டாமல் அஃது எல்லார்க்கும் பயன்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். 1886இல் திறக்கப்பட்ட அந்நூலகத்திற்கு 1933இல் புதிய தலைமைக் கட்டடம் எழுந்தது. அக்காலத்துப் பெரிய நூலகங்கள் பலவற்றுள் புகுவதற்கு, கோயிற் கோபுரத்தை அணுகுவார்போல உயர்ந்த படிகளில் ஏறிச் செல்லல் வேண்டும். இக்கட்டடத்திற்கோ தெருவின் மட்டத்திலேயே வாயில் அமைத்தனர். கடைவீதியில் துணிக்கடைகளின் முகப்பில் ஆடைகளைக் கண்ணாடிக்குப் பின்னே காட்டி வைத்தல்போல, இந்நூலகத்தின் முகப்பில் நூல்களைக் காட்டி வைக்கப் பெரிய சாளரங்களையும் அமைத்தனர். தெருவோடு போகிறவனை நூல்களே அழைக்கட்டும் என்பது கருத்து.

எட்வர்ட்ஸ் அம்மையார் அந்நூலகத்தில் பணிக்குச் சேர்ந்தது 1932இல். அதற்குமுன் அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இலத்தீன் மொழி கற்பித்தவர். இளையோர்க்குரிய நூல்களின் பொறுப்பு அவரிடம் வந்தது. வந்தவர் முதலில் செய்தது யாது? படித்தார். தாம் படியாத நூலைப் பிறர்க்குப் பரிந்துரைப்பது, தாம் உண்ணாத உணவைச் சுவையுடையது என்று பிறர் இலையில் இடுவது போன்றதன்றோ? தமக்குத் துணையாக வந்த நூலகர்களுக்கும் அவர் இந்நெறியையே விதித்தார். அவர்கள் 300 நூல்களைப் படித்து முடித்தல் வேண்டும். பத்துப் பத்து நூல்களாகப் படித்து வந்து அவர்முன் அமர்ந்து அவற்றைப் பற்றி உரையாட வேண்டும். மனப்பாடம் ஒப்பிக்கும் தேர்வு அன்று அது. எந்த நூலை எத்தகைய இளைஞனிடம், எந்தச் சொல்லோடு நீட்டுவது என்று பழகும் பயிற்சியாகும். நான் புலவர் வகுப்பில் பயின்ற காலத்தில் எங்கள் ஆசிரியர் ஒருவர் ஏறத்தாழ இவ்வாறே எங்களைப் பழக்கினார். அதனால் இச்செய்தியைப் படித்தபோது எனக்கு அவர் நினைவே வந்தது.

பயின்ற நூலகர்கள் பள்ளிதோறும் சென்றனர். வகுப்பறையில் நின்று ஒரு நூலின் கதையைச் சொல்லத் தொடங்குவர். மாணவர் செவிகள் நிமிரும். கதை முடிச்சு இறுகும் இடத்தில், "மீதி நூலில் இருக்கிறது" என்று நிறுத்திவிடுவர். நம் ஊர்த் திண்ணைகளில் கதை சொல்லிய பாட்டியரும் இவ்வுத்தியை அறிந்தவர்களே. அவர்கள் மறுநாள் மாலை வரை காக்க வைத்தனர். இவர்கள் நூலகம் வரை நடக்க வைத்தனர்.

நூலகத்திற்கு வர இயலாதவர் என் செய்வது? இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் பெட்ரோலுக்குப் பங்கீட்டு முறை வந்தது. அம்மையார் ஒரு குதிரை வண்டியை வாடகைக்கு அமர்த்தினார். அதில் நூல்களை ஏற்றிக்கொண்டு, பால்டிமோரில் எளியோர் வாழும் தெருக்களுக்குச் சென்றார். இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1931இல், நம் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியொன்று ஊர் ஊராக நூல்களைச் சுமந்து சென்றது என்பதனை ஈண்டு நினைவுகூர வேண்டும். கனகசபைப் பிள்ளை என்னும் பெருமகனார் தொடங்கிய நடமாடும் நூலகம் அது. ஒருவரையொருவர் அறியாமலே, இரண்டு நிலங்களில், இரண்டு வகை விலங்குகள் ஒரே பாரத்தை இழுத்திருக்கின்றன.

அம்மையார் 1962இல் ஓய்வு பெற்றார். 1969இல் தம் பட்டறிவைத் திரட்டி ஒரு நூல் எழுதினார். 'அழகிய தோட்டமும் விலங்குக் கூட்டமும்' என்பது அதன் பெயரின் பொருள். இளையோர் நுழைந்தால் நூலகமாகிய தோட்டம் பாழாகும் என்று அஞ்சுவாரை நோக்கிய நகை அப்பெயரில் உள்ளது. 1988இல் அவர் மறைந்தார். இளையோர்க்கு நெடுநாள் பயன்பட்ட நூல்களை எழுதியவர்க்கென அவ்வாண்டிலேயே நிறுவப்பெற்ற ஒரு விருது பின்னர் அவர் பெயரைப் பெற்றது.

அவ்விருதை முதன்முதலாகப் பெற்ற எழுத்தாளரைப் பற்றியும் நீங்கள் அறிதல் நன்று. அவர் பெயர் எஸ். இ. ஹிண்டன். ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரத்துப் பெண். தாம் பயின்ற பள்ளியில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் இரு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்வதனை அவர் கண்டார். அதனை உள்ளவாறு சொல்லும் நூல் எதுவும் அவர்க்குக் கிட்டவில்லை. இளைஞர்க்கென்று இருந்த கதைகள் பெரும்பாலும் விருந்து, விளையாட்டு, நடனம் என்ற அளவில் நின்றன. ஆகவே தாமே எழுதத் துணிந்தார். தொடங்கியபோது வயது 15. 'தி அவுட்சைடர்ஸ்' என்னும் அப்புதினம் 1967இல் வெளிவந்தபோது வயது 18. அதனை எழுதிய ஆண்டில், பள்ளியில் படைப்பெழுத்துப் பாடத்தில் அவர் பெற்ற தகுதி கடைநிலைக்கு அண்மையது என்று அவரே கூறியிருக்கிறார். இதனைக் காட்டி உங்கள் தமிழாசிரியரிடம் வழக்காட வேண்டா. ஆசிரியர் பக்கத்து நியாயத்தையும் நான் அறிவேன்.

ஆண்களின் தெருச்சண்டையை ஒரு பெண் எழுதினாள் என்றால் மதிப்புரையாளர் பொருட்படுத்தார் என்று அஞ்சி, நூலின் முகப்பில் முழுப்பெயரை மறைத்து முதலெழுத்துகளை மட்டும் பதிப்பகத்தார் இட்டனர். நூலோ கைமாறிக் கைமாறிப் பரவியது. 1980இல் கலிபோர்னியாவில் பிரெஸ்னோ நகர்ப் பகுதியைச் சேர்ந்த ஒரு பள்ளியின் நூலகரும் மாணவர்களும் சேர்ந்து, இக்கதையைத் திரைப்படமாக எடுக்குமாறு புகழ்பெற்ற இயக்குநர் பிரான்சிஸ் போர்டு கொப்போலாவுக்குக் கடிதம் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினர். 1983இல் படம் வெளிவந்தது. கையொப்பமிட்டவர்கள் உங்களையொத்த வயதினரே.

எனினும், இத்தகைய நூல்களை எல்லாரும் வரவேற்றனர் அல்லர். வன்முறை உண்டு, குடியுண்டு, சிதைந்த குடும்பம் உண்டு. இவற்றைப் பிள்ளைகள் படிக்கலாமோ என்று பெற்றோர் பலர் தடுத்தனர். சில பள்ளிகளில் அந்நூல் அலமாரியினின்றும் எடுக்கப்பட்டது. இத்தடையை நகைத்துத் தள்ளிவிட என்னால் இயலவில்லை. 30 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். இளம் உள்ளம் எதனையும் எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதனைக் கண்டவன். ஆயினும், தெருவில் நாள்தோறும் காணும் துன்பத்தை நூலில் மட்டும் காணாதவாறு மறைப்பதனால் துன்பம் குறைவதில்லை. அதனைப் பற்றிப் பேசுவதற்கான சொற்களே குறைகின்றன. நல்ல நூல் கையில் இருந்தால், வாய் திறந்து சொல்ல இயலாததை ஒரு பிள்ளை, "இதில் வருவதுபோல" என்று சுட்டிச் சொல்ல இயலும்.

தமிழிலும் இவ்வகை நூல்கள் இப்போது எழுகின்றன. யெஸ். பாலபாரதி எழுதிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' என்னும் நூல், தகாத தொடுகையால் மனம் நொந்த சிறுமியின் அச்சத்தைப் பேசுகிறது. அதற்கு 2020இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது கிடைத்தது. ஒரு தலைமுறைக்கு முன்னர் இப்பொருளைச் சிறார் நூலில் எழுதியிருந்தால் அச்சிடுவார் இருந்திருப்பரோ என்பது ஐயமே.

நூல் பிறந்தால் மட்டும் போதாது. அதற்குரியவரிடம் சேர வேண்டும். 'ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்குரிய நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்' என்பன சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளுள் இரண்டு. அவ்விதிகளை விளக்கும் அவரது நூலைச் சென்னை நூலகச் சங்கம் வெளியிட்டது 1931இல். எட்வர்ட்ஸ் அம்மையார் பணியில் சேர்வதற்கு ஓராண்டு முன்னர். விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகச் சட்டத்தை முதலில் இயற்றியதும், 1948இல், நம் சென்னை மாகாணமே. விதியும் சட்டமும் நம்மிடம் இருந்தன. 14 வயதினன் அமர ஓர் அலமாரியின் ஓரந்தான் எங்கள் ஊரில் இல்லாமற்போயிற்று.

அமெரிக்க நூலகங்களில் இப்போது இன்னும் ஒரு படி சென்றிருக்கின்றனர். நூல் தேர்வை இளையோரிடமே விடுகின்றனர். நூலகங்களில் கூடும் இளையோர் குழுக்கள் புதிய புதினங்களைப் படித்துத் தமக்குப் பிடித்தவற்றை முன்மொழிய, நாடெங்கும் உள்ள 12 முதல் 18 வயது வரையினர் வாக்களித்துப் பத்து நூல்களைத் தெரிந்தெடுக்கும் வழக்கம் 2003இல் தொடங்கியது. அவ்வாக்கில் பெரியவர்க்கு இடமில்லை.

இதனைப் பற்றி என் பேத்தியிடம் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவள் தன் பள்ளித் தோழியர் நால்வரோடு எங்கள் தெருவை அடுத்த கிளை நூலகத்தில் சனிக்கிழமைதோறும் கூடுகிறாள். ஆளுக்கொரு நூலை எடுத்துச் சென்று படித்து வந்து, பிடித்ததா இல்லையா என்று சண்டையிடுவார்கள். அங்குள்ள நூலகர் அம்மையார் அவர்களுக்கென்று சாளரத்தின் அருகே ஒரு மேசையைக் கொடுத்திருக்கிறார். சென்ற மாதம் அவள் ஓர் இளையோர் புதினத்தை என்னிடம் நீட்டி, "தாத்தா, நீங்க இதைப் படிச்சுட்டுச் சொல்லுங்க" என்றாள். முதல் பக்கத்திலேயே ஒற்றுப்பிழை இரண்டு கண்டேன். ஒரு தாளை எடுத்துப் பிழைகளைக் குறித்துக்கொண்டே சென்றேன். கதையில் வரும் பையன் வீட்டைவிட்டு வெளியேறி இரவில் பேருந்து நிலையத்தில் அமர்ந்திருக்கும் இடம் வந்தது. அதன்பின் தாளை எங்கே வைத்தேன் என்பது நினைவில்லை. படித்து முடித்தபோது நள்ளிரவு கடந்திருந்தது.

மறுநாட் காலையில் அவள் கேட்ட முதற் கேள்வி, "அந்தப் பையன் திரும்பி வந்தது சரியா, தாத்தா?" என்பது. சரி என்றேன் நான். இல்லை என்றாள் அவள். வரும் சனிக்கிழமை அந்த மேசைக்கு என்னையும் வரச் சொல்லியிருக்கிறாள்.