வயசா, மாத்திரையா?

அன்பு மகளுக்கு,

அம்மாயி பகலெல்லாம் தூங்கி விழுகிறாள், போன ஞாயிற்றுக்கிழமையை வெள்ளி என்று நினைத்துக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள் என்று எழுதியிருந்தாய். "வயசு போயிருச்சு, அவ்வளவுதான்" என்கிறாராம் உன் மாமா. வயசு போனது உண்மைதான். ஆனால் அதன் மேல் பழியைப் போடுவதற்கு முன், அலுமாரியில் இருக்கும் மருந்துப் பையைப் பாயில் கொட்டிப் பார்.

பிரஷர் மாத்திரை, சீனி வருத்தத்து மாத்திரை, மூட்டு நோவுக்கு ஒன்று. அவற்றோடு, இரவில் போடும் சின்ன மாத்திரை ஒன்றும் இருக்கும். உறையில் டயசிபாம் அல்லது குளோனசிபாம் என்று எழுதியிருக்கும். தாத்தா போன துக்கத்தில் கொஞ்ச நாளைக்கு என்று கொடுத்தது. கொஞ்ச நாள் வருடக்கணக்காகிவிட்டது. இந்தக் கதை மாத்தளையில் மட்டுமா? 1963இல் வேலியம் என்ற பெயரில் டயசிபாம் விற்பனைக்கு வந்தபோது, பழைய பார்பிசுரேட் தூக்க மருந்துகளைவிட ஆபத்துக் குறைந்தது என்று உலகமே அதை வரவேற்றது. ஆபத்து குறைவுதான், இளவயதுக்காரருக்கு.

நீ உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாய், அதனால் கணக்கோடு சொல்கிறேன். விழுங்கிய டயசிபாமில் பாதி உடம்பை விட்டுப் போக இருபது வயதில் ஏறக்குறைய 20 மணித்தியாலம் எடுக்கும். எண்பது வயதில் அது 90 மணித்தியாலத்தை நெருங்குகிறது என்று 1975இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. வயது ஏற ஏறத் தசை குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. டயசிபாமோ கொழுப்பில் கரைந்து தங்கும் மருந்து. ஈரலும் முன்போல வேகமாக அதைச் சிதைப்பதில்லை. சிதைத்தாலும், அதிலிருந்து வருவது இன்னும் அதிக நேரம் நிற்கும் மற்றொரு மயக்கப் பொருள். ஆக, அது டயசிபாமாக இருந்தால், திங்கள் இரவு அம்மாயி போட்ட மாத்திரையில் பாதி, வெள்ளி மத்தியானமும் அவள் உடம்பில் நிற்கிறது. இடையில் இன்னும் மூன்று போட்டுவிட்டாள். ஞாயிறு வெள்ளியானதில் என்ன ஆச்சரியம்?

மறதியைவிட எனக்குப் பயம் விழுந்துவிடுவாளோ என்றுதான். ரத்தோட்டைப் பக்கத்து லயங்களில் கக்கூஸ் எங்கே இருக்கும் என்று உனக்குத் தெரியும். வெளியே, பள்ளத்தில், நாலு படி கீழே. மார்கழி மழையில் அந்தப் படியில் பாசி பிடித்திருக்கும். நடு இரவில் எழுந்து போகிறவளுக்குக் கால் தடுமாறினால் உடம்பைச் சட்டென்று பிடித்து நிறுத்தும் திறனை இந்த மாத்திரைகள் மந்தமாக்குகின்றன. இவற்றைப் போடும் முதியோருக்கு இடுப்பெலும்பு முறியும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அந்த வயதில் இடுப்பு முறிந்தால் பழையபடி நடமாடாமலே போகிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று, தடிமனுக்குக் கடையில் வாங்கும் பிரிட்டோன். அதை யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை. அதில் மூக்கு ஒழுகுவதை நிறுத்தும் அதே குளோர்பெனிரமின்தான் வாயை உலர்த்தும், மலத்தை இறுக்கும், சிறுநீரை அடைக்கும், வயதானவர்களின் புத்தியையும் கலக்கும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடும். சாராயம் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

இதைப் படித்ததும் தூக்க மாத்திரையை எடுத்துக் குப்பையில் போட்டுவிடாதே. நீண்ட காலம் போட்டவர் திடீரென நிறுத்தினால் தூக்கம் முற்றாகப் போகும், கை நடுங்கும், வலிப்புகூட வரலாம். கிழமைக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், டொக்டர் சொல்லும் அளவில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். முடியாத காரியமில்லை. கனடாவின் கியூபெக்கில் பல வருடமாக இவ்வகை மாத்திரை போட்ட 303 முதியவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2014இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு, மருந்து என்ன செய்யும், எப்படிக் குறைப்பது என்று எளிமையாக விளக்கும் சிறு புத்தகம் ஒன்றை அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் அவர்களில் 27 சதவீதம் பேர் மாத்திரையை விட்டுவிட்டார்கள். புத்தகம் கிடைக்காதவர்களில் 5 சதவீதம்தான். அம்மாயிக்கு வாசிக்கத் தெரியாது, நீ வாசித்துச் சொல்லலாம்.

"தூக்கமே இல்லை" என்று அவள் சொல்வதையும் கொஞ்சம் விசாரி. ஏழரைக்குப் படுத்து மூன்று மணிக்கு விழித்தால் ஏழரை மணித்தியாலம் ஆயிற்று. நாற்பது வருடம், தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கு முன் எழுந்து ரொட்டி சுட்ட உடம்பு, ஓய்வு பெற்ற பிறகும் அந்நேரம் எழும்பத்தான் செய்யும். அது நோயில்லை. சாயங்காலப் பிளேன்டீயையும் மத்தியானத் தூக்கத்தையும் குறைத்துப் பாருங்கள். மூட்டு நோவு எழுப்புகிறதா, சிறுநீர் போக்கும் மாத்திரையைப் பின்னேரம் போடுகிறாளா என்று பார்த்து, அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியை மட்டும் கொடுத்து அனுப்பாதே. பையோடு நீயும் போ. கடையில் வாங்கியது, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது எல்லாம் அதில் இருக்கட்டும். எந்த மாத்திரை எப்போது தொடங்கியது, தடுமாற்றம் எப்போதிருந்து என்று ஒரு தாளில் எழுதிக்கொள். வரிசையில் நின்று உள்ளே போனால் டொக்டருக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும், தாள் இருந்தால் அது போதும். அதுவரை இரவில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளி வை. அம்மாயி திட்டுவாள், திட்டட்டும்.

அன்புடன்,
பெரியம்மா