சில்லறைக் கணக்கு: சிறு வியாபாரிகளுக்கு ஒரு பாடம்

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் மொழி. அளவறியாமல் போட்டது ஆற்றோடு போகும். அளந்து போட்டதோ கணக்கில் நிற்கும். இம்மொழி பெரு வணிகரைவிடச் சிறு வியாபாரிகளுக்கே மிகவும் பொருந்துவதாகும்.

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விடியுமுன் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து உள்நாட்டுக் கிராமங்களுக்குச் செல்லும் பெண்கள் பலர். சிதம்பரத்தில் நடராசர் கோயிலைச் சூழ்ந்த நான்கு வீதிகளிலும் பூவும் அருச்சனைப் பொருள்களும் விற்றுப் பிழைப்போர் பலர். தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாலைதோறும் சுண்டலும் கடலையும் விற்போரும் உளர். இவர்கள் தொழில் ஐந்தும் பத்துமாக நடப்பது. மாலையில் வீடு திரும்பியதும் தாள்களை எண்ணி மடித்து வைக்கிறார்கள். பையின் அடியில் கிடக்கும் சில்லறையையோ பெரும்பாலும் எண்ணுவதில்லை. அதிலிருந்து பிள்ளைக்கு மிட்டாய், தேநீர், வெற்றிலை பாக்கு என்று கை போகிறது. எஞ்சியது ஒரு டப்பாவில் விழுகிறது.

எண்ணப்படாத சில்லறையே அன்றைய இலாபமாக இருத்தல் கூடும். ஆதலால் அதைப் பிரித்து, எண்ணி, எழுதி வைக்கும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

பிரிப்பவர்க்கே பயன்

நாணயத்தை வகை பிரித்தல் ஒரு காலத்தில் தனித் தொழிலாகவே இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் இக்கடற்கரையில் பலவகை வராகன்களும் பணங்களும் காசுகளும் ஒருங்கே வழங்கின. பரங்கிப்பேட்டையின் பெயரால் வழங்கிய வராகனில், சென்னையின் நட்சத்திர வராகனில் உள்ளதைவிடப் பொன் குறைவு. எது எவ்வளவு பெறும் என்று பிரித்தறிய வல்லவர் சராப்புகள் எனப்பட்ட நாணய மாற்றுக்காரர். அவ்வேலைக்குக் கூலியாக அவர்கள் வட்டம் பிடித்துக்கொண்டனர். பிரிக்கத் தெரிந்தவர் பெற்றார், தெரியாதவர் இழந்தார்.

வராகன் போயிற்று, பின்னர் அணாவும் போயிற்று. 1957 ஏப்ரல் 1 வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா அல்லது 192 பைகள் என்பது கணக்கு. அன்று முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்றாயிற்று. 1964 ஜூன் 1 முதல் 'நயா' என்னும் அடைமொழியும் நீங்கியது. பத்துப் பத்தாக எண்ணும் எளிய கணக்கு நமக்குக் கிடைத்துவிட்டது. எனினும் சில்லறை மாற்றுவதற்கு வட்டம் கொடுக்கும் வழக்கம் மட்டும் அடியோடு ஒழிந்ததாகச் சொல்வதற்கில்லை.

ஒரு வியாபாரி நாள்தோறும் 300 ரூபாய்ச் சில்லறையை, நூற்றுக்கு 5 ரூபாய் வட்டம் கொடுத்துத் தாளாக மாற்றுகிறார் என்று கொள்வோம். நாளொன்றுக்கு 15 ரூபாய் இழப்பு. மாதத்தில் 25 நாள் தொழில் நடந்தால் 375 ரூபாய் போகிறது. அரை மணிப் பொழுது தாமே உட்கார்ந்து பிரித்து எண்ணினால் இத்தொகை வீட்டிலேயே தங்கும்.

பிரிக்கும் முறை

முதலாவது, ஈரம் நீக்குதல். மீன் விற்போர் பையிலும் பூ விற்போர் பையிலும் நாணயங்கள் நனைந்தே இருக்கும். நனைந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாதலால் எண்ணிக்கை தவறும். நல்ல தண்ணீரில் அலசிப் பழந்துணியில் பரப்பி உலர்த்தினால் போதும்.

இரண்டாவது, வகைப்படுத்தல். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய், பத்து ரூபாய், இருபது ரூபாய் என ஐந்து கிண்ணங்கள் வைத்துக்கொள்க. ஐம்பது பைசா வந்தால் அதற்கென ஒரு சிறு டப்பா வேண்டும். 25 பைசாவும் அதற்குக் குறைந்தவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதனவாயின. ஐம்பது பைசா அவ்வாறன்று. அது சட்டப்படி செல்லும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அளவை மட்டும் கண்டு பிரித்தல் ஆகாது. நாணயத்தில் பொறித்த எண்ணைப் பார்த்தே பிரித்தல் வேண்டும். 1992இல் தொடங்கிய எஃகு ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டம் 25 மில்லிமீட்டர், எடை 4.85 கிராம். 2011ஆம் ஆண்டு வரிசையில் வந்த இரண்டு ரூபாய் நாணயத்துக்கும் அதே விட்டம், அதே எடை. இருட்டும் வேளையில் விரலால் தடவிப் பார்த்துக் கொடுத்தால் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்துவிட நேரும். பத்து ரூபாயும் இருபது ரூபாயும் ஒரே அகலமுடையவை. ஆனால் இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கங்கள் உண்டு. ஆதலால் அதை விரலே அறியும்.

மூன்றாவது, அடுக்குதல். ஒவ்வொரு வகையையும் பத்துப் பத்தாக அடுக்குக. முதல் அடுக்கை நன்றாக எண்ணி, அதன் உயரத்தை ஒரு குச்சியில் கோடிட்டுக்கொண்டால் மற்ற அடுக்குகளை அக்குச்சியால் அளந்தே சரிபார்க்கலாம். ஒரே மதிப்பானாலும் பழைய வரிசைக்கும் புதிய வரிசைக்கும் கனம் வேறுபடுமாதலால், ஒரே வரிசை நாணயங்களையே ஓர் அடுக்கில் வைத்தல் நலம்.

திருவிதாங்கூரில் 'பணம்' என்னும் மிகச் சிறிய நாணயத்தை எண்ணுவதற்கென்றே ஒரு பலகை வைத்திருந்தனர். அதில் நிரை நிரையாகச் சிறு குழிகள் இருக்கும். ஒரு பிடி காசை அதன்மேல் இட்டு அசைத்தால் குழிக்கு ஒன்றாக அமரும். மிகுந்ததை வழித்துவிட்டால், ஒவ்வொன்றாக எண்ணாமலே தொகை தெரிந்துவிடும். அதே கருத்தை நாமும் கைக்கொள்ளலாம். நீளவாக்கில் பிளந்த மூங்கிலில் நாணயங்களை வரிசையாக நிறுத்தி, பத்துக்கு ஒரு கோடு கீறிவைத்தால் செலவில்லாத கருவி ஒன்று கிடைத்துவிடும்.

நான்காவது, பொதியாக்கல். நூறு நாணயம் சேர்ந்ததும் ஒரு பையிலிட்டுக் கட்டி, மதிப்பையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைக்க வேண்டும்.

எடையால் அறியலாமா?

தராசு கையில் இருக்கும்போது எண்ணுவானேன் என்று சிலர் கேட்கலாம். வகை பிரித்த பின்னர் எடை பார்த்தல் நல்ல வழியே. பிரிக்குமுன் எடை போட்டால் ஏமாற்றமே மிஞ்சும். 2019ஆம் ஆண்டு வரிசையின் ஒரு ரூபாய் 3.09 கிராம் எடையுள்ளது. ஒரு கிலோவுக்கு 323 நாணயம் நிற்கும். 4.85 கிராம் எடையுள்ள பழைய ஒரு ரூபாய் நாணயமோ 206தான் நிற்கும். ஒரே கிலோவில் 117 ரூபாய் வேறுபாடு! இரண்டையும் கலந்து நிறுத்து வாங்குபவருக்கு இக்கணக்குத் தெரியும். விற்பவருக்குத் தெரியாவிட்டால் நட்டம் யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமோ?

பையிலிருந்து ஏட்டுக்கு

எண்ணியதை எழுதாவிட்டால் எண்ணியும் பயனில்லை. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மீன் விற்கும் ஒருவர் காலையில் 1,200 ரூபாய் கொடுத்துச் சரக்கு எடுத்தார். சில்லறைக்கென்று 200 ரூபாய் பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸுக்கும் பிற தொழிற்செலவுக்கும் பையிலிருந்து 60 ரூபாய் எடுத்தார். மாலையில் தாள் 1,450 ரூபாய் இருந்தது. சில்லறையைப் பிரித்து எண்ணியபோது, பத்து ரூபாய் 14க்கு 140, ஐந்து ரூபாய் 30க்கு 150, இரண்டு ரூபாய் 28க்கு 56, ஒரு ரூபாய் 40க்கு 40, ஆக 386 ரூபாய் தேறியது. மொத்தம் 1,836 ரூபாய்.

இதில் மறுநாள் சரக்குக்கு 1,200, மறுநாள் சில்லறைக்கு 200 என முதலில் ஒதுக்கிவிட வேண்டும். எஞ்சுவது 436 ரூபாய். இதுவே அன்றைய உழைப்பின் பயன். தாளை மட்டும் எண்ணியிருந்தால், சரக்குப் பணம் போக 250 ரூபாய்தான் மிச்சம் என்று எண்ணி மனம் தளர்ந்திருப்பார். சில்லறை இன்னதென்று தெரியாமலே கரைந்திருக்கும். மறுநாள் சரக்குக்குக் கைமுதல் குறைந்து வட்டிக்கு வாங்கவும் நேர்ந்திருக்கும். சிறு வியாபாரி கடனில் விழுவது பல வேளைகளில் இவ்வாறுதான். கைப்பேசி வழியாக வாடிக்கையாளர் செலுத்திய தொகை இருப்பின், அதைத் தனி வரியில் எழுதிக் கூட்டிக்கொள்க.

சட்டமும் வங்கியும்

பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்னும் வதந்தியால் நம் பக்கத்தில் பலர் அல்லலுற்றனர். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிக்கை, அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லுபடியானவை என்று தெளிவாக்கியது. ரூபாய்க் குறி உள்ளதும் இல்லாததும் இரண்டுமே நல்ல நாணயங்கள்.

2011ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஒரு கொடுக்கல் வாங்கலில் 1,000 ரூபாய் வரை செல்லும். ஐம்பது பைசா 10 ரூபாய் வரை செல்லும். வங்கிக் கிளைகள் நாணயங்களை ஏற்க மறுத்தல் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. நூறு நூறாகப் பையிலிட்டுக் கொண்டுவருவது காசாளருக்கும் வாடிக்கையாளருக்கும் வசதி என்று அக்கட்டளையே கூறுகிறது. ஆதலால் பிரித்துக் கட்டிய பொதியோடு, கூட்டம் குறைந்த வேளையில் செல்க. மறுத்தால் கிளை மேலாளரிடம் எழுத்தில் முறையிடுக. முப்பது நாளில் தீர்வு இல்லையேல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

கூடிச் செய்தல்

ஒருவரிடம் சில்லறை மிகுகிறது. மற்றொருவர் சில்லறையின்றி வியாபாரத்தை இழக்கிறார். கோயில் வாயிலில் பூ விற்பவர் பையில் நாணயம் குவிகிறது. அதே கிராமத்து மீன்காரப் பெண்மணியிடம் எல்லோரும் தாளையே நீட்டுகின்றனர். இருவரும் ஒரே மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பின், வாரக் கூட்டத்திலேயே வட்டமின்றி மாற்றிக்கொள்ளலாம். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் கூட்டம் பெருகுமுன், குழுவே பத்துப் பதினைந்து பொதிகளைச் சேர்த்து வைத்து உறுப்பினர்க்கு வழங்கலாம். பொதியின் சீட்டில் கட்டியவர் பெயரையும் எழுதுதல் வேண்டும். குறை கண்டால் அவரே ஈடு செய்தல் என்பது விதியாக இருக்கட்டும். காசையும் நேர்மையையும் 'நாணயம்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பது நம் மொழி. குழுவின் பொதி அச்சொல்லுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருப்பின் இவ்வேலையை அவர்களுடன் சேர்ந்தே செய்யலாம். கூட்டலும் பெருக்கலும் தாமே வரும். ஐந்து கிண்ணம், ஒரு குச்சி, ஒரு சிறு ஏடு, இவை போதும். ஒரு மாதம் இடைவிடாமல் எழுதி வருக. மாத முடிவில் ஏட்டைக் கூட்டிப் பார்க்கும்போது, தம் தொழில் தமக்கு என்ன தருகிறது என்பதை ஒவ்வொருவரும் தம் கணக்கிலேயே கண்டுகொள்வர்.