சம்பள நாளும் வாடகை நாளும்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஆட்களுக்கு வீடு விடுகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது, இங்கே பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் இல்லை என்பதை. டெய்லர், செக்கிங், அயர்ன், பேக்கிங் என எந்த வேலையானாலும் கூலி கைக்கு வருவது சனிக்கிழமை சாயங்காலம். ஞாயிற்றுக்கிழமை கறி, மளிகை, சீட்டு, ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக திங்கட்கிழமை மிஞ்சுவது கொஞ்சம்தான். ஐந்தாம் தேதி வாடகை என்று நாம் பிடிவாதமாக இருந்தால், அது புதன், வியாழனில் வருகிற மாதம் அந்தக் குடும்பம் வட்டிக்கு வாங்கித்தான் நம்மிடம் கொண்டுவந்து கொடுக்கும்.

எங்கள் லைன் வீட்டில் இருக்கும் ஓவர்லாக் டெய்லர் ஒருத்தி இதை என்னிடம் நேராகவே சொன்னாள்: “அக்கா, சம்பளம் சனிக்கிழமை வருதுங்க, வாடகை அஞ்சாந் தேதி வருதுங்க. நடுவுல வீட்டுல காசு நிக்க மாட்டேங்குதுங்க.”

அன்றிலிருந்து அவளுக்கு நாலாயிரம் வாடகையை நாலாகப் பிரித்துவிட்டேன். சனிக்கிழமைக்கு ஆயிரம். ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் ஐந்தாவது வாரம் வாடகை இல்லை. வருஷத்துக்கு 52 வாரம், வாடகைக்குப் போவது 48. மிச்சப்படும் வாரங்களில் ஒன்று பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கு, ஒன்று கரண்ட் பில்லுக்கு என்று அவளே ஒதுக்கிக்கொண்டாள். வருஷ வாடகையை 52-ஆல் வகுத்து வாரம் 923 ரூபாய் என்று வாங்குகிறவர்களும் உண்டு. கணக்கு சரிதான். ஆனால் தொழிலாளி கையில் ஐந்நூறு ரூபாய்த் தாள் இரண்டாக எடுத்துக் கொடுக்கிற மாதிரி இருந்தால்தான் முறை நிலைக்கும். சப் மீட்டர் வைத்து கரண்டுக்குத் தனியாக வாங்குகிறவர்கள் அதை வாடகையோடு கலக்க வேண்டாம். கலந்தால் எது பாக்கி என்பதில்தான் சண்டை வரும்.

எல்லோருக்கும் வாரக் கணக்கு பொருந்தாது. ஆபீஸ் ஸ்டாப் மாதச் சம்பளக்காரர்கள். மாதம் முடிந்து ஏழாம் தேதி வரை சம்பளம் போட கம்பெனிக்குச் சட்டமே அவகாசம் தருகிறது. அவர்களிடம் ஐந்தாம் தேதி கேட்டு என்ன பயன்? பத்தாம் தேதி என்று வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் நிம்மதி. ஆனால் வீட்டுக் கடன் தவணை கட்டுகிற வீட்டுக்காரர் தன் தவணை நாளையும் குடிவருகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவருக்கும் ஒரு கெடு இருக்கிறதே.

தீபாவளி தனிக் கதை. போனஸ் வாங்கி ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து, கம்பெனி முழுதாக ஓடத் தொடங்கும் வரை வாரக் கூலி கிடையாது. அதனால் அந்த இடைவெளிக்கான வாடகையை போனஸ் கையில் இருக்கும்போதே கொடுத்துவிடும்படி புரட்டாசியிலேயே பேசிவைத்துக்கொள்வோம். பஸ் ஏறுகிற அன்றைக்குப் போய்க் கேட்பது மனிதத்தன்மை இல்லை.

வாடகை நாளை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம், எழுதிவைப்பதில் மட்டும் வளையக் கூடாது. ஒப்பந்தத்தில் ஐந்தாம் தேதி என்று இருக்க, வாய்ப்பேச்சில் வாரம் வாரம் வாங்கினால், நாளைக்கு மனஸ்தாபம் வரும்போது காகிதம்தான் பேசும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, இரண்டு மாத வாடகை பாக்கி வீட்டைக் காலி செய்யக் கேட்பதற்கு ஒரு காரணம். ஆகவே “மாதத்தின் முதல் நாலு சனிக்கிழமையும் ஆயிரம், மாதக் கடைசி சனிக்கிழமைக்குள் முழு வாடகை” என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருப்பது குடியிருப்பவருக்குத்தான் பெரிய பாதுகாப்பு.

ரொக்கமாகக் கொடுத்தால் இரண்டு நோட்டு. ஒன்று அவர்களிடம், ஒன்று நம்மிடம். தேதி, தொகை, எந்த வாரம், இருவர் கையெழுத்து. ரசீது கொடுப்பது சட்டப்படி வீட்டுக்காரர் கடமை. ஜிபே, போன்பே என்றால் குறிப்பு இடத்தில் “ஆனி 2ஆம் வாரம்” என்றாவது போடச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பி வரவு வைக்காதீர்கள், வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பாருங்கள். தம்பி நம்பரிலிருந்தோ கூட வேலை செய்கிறவர் நம்பரிலிருந்தோ பணம் வருவது இங்கே சகஜம். யார் வீட்டு வாடகை என்று அன்றைக்கே நோட்டில் எழுதாவிட்டால் மூன்று மாதம் கழித்து இருவருக்கும் நினைவிருக்காது.

“அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்” என்பதற்கு மட்டும் நான் சம்மதிப்பதில்லை. வேலை போய் ஊருக்குத் திரும்புகிற நாளில் அந்தக் குடும்பத்துக்கு மொத்தமாகக் கிடைக்கிற ஒரே தொகை அதுதான். வாரக் கணக்கில் இருப்பவர்களுக்குக் கடைசிக் கணக்கு பார்ப்பதும் சுலபம். கொடுத்த வாரம், இருந்த வாரம், மீட்டர் ரீடிங் மூன்றையும் பார்த்து, சாமான் வண்டியில் ஏறுவதற்குள் அட்வான்ஸைக் கையில் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுகிறேன்.