லாரித் துணை விளக்குகளும் ரிலேயும்

தேஹு ரோட்டிலிருந்து பழைய நெடுஞ்சாலை வழியே மும்பை செல்லும் லாரிகள், மழைக்காலத்தில் கண்டாலா மலைப்பாதையின் மூடுபனியைக் கடக்க வேண்டும். இதற்கெனப் பொருத்தப்படும் 70 வாட் துணை விளக்குகள் இரண்டும் 24 வோல்ட் பாட்டரியில் எரிய, ஏறத்தாழ 6 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. சிறு மின்னோட்டத்துக்கென அமைந்த ஸ்விட்சின் வழியே இதனை நேராகச் செலுத்தினால் தொடுமுனைகள் தீய்ந்துபோகும். மெல்லிய கம்பியும் சூடேறும்.

ரிலே இவ்விடரை நீக்குகிறது. ஸ்விட்சின் கம்பி 86 ஆம் முனையிலும், லாரியின் இரும்புச் சட்டம் 85 ஆம் முனையிலும் இணைக்கப்படும். ஸ்விட்சை இயக்கியதும் உள்ளிருக்கும் சுருள் காந்தமாகி, 30, 87 ஆகிய முனைகளைச் சேர்க்கிறது. பாட்டரியின் மின்சாரம் தடித்த கம்பி வழியே விளக்குகளை அடைகிறது.

பாட்டரிக்கு அருகிலேயே 10 ஆம்பியர் பியூஸ் அமைத்தல் இன்றியமையாதது. உறை தேய்ந்த கம்பி சட்டத்தைத் தொடின், தீயைத் தடுப்பது ரிலே அன்று, பியூஸே.